இருவர் ஓட்டும் படகில் பாய் குறைப்பது: ஒரு பழைய வேகாவில் செய்த மாற்றங்கள்

பாயை மேலேற்றும் கயிறான ஹாலியார்டைத் தளர்த்திய உடனே பெரிய பாய் தன் எடையிலேயே கீழே இறங்கவேண்டும். இரண்டே பேர் ஓட்டும் படகில் மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பிறகுதான். எங்கள் ஆல்பின் வேகாவில் ரீஃப் அமைப்பை, அதாவது காற்று கூடும்போது பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைக்கும் ஏற்பாட்டை, அடியோடு மாற்றியிருக்கிறோம். அப்போது நானும் மனைவியும் கப்பி, கயிறு, வளையம் என்று எதை வாங்குவதானாலும் முதலில் கேட்டுக்கொண்டது இதைத்தான்: இது பாய் இறங்குவதைச் சுலபமாக்குமா, தடுக்குமா?

வேகா ஸ்வீடனில் கட்டப்பட்ட படகு. பெர் ப்ரோஹெல் வடிவமைத்தது. நீளம் 8.25 மீட்டர். 1966-இல் தொடங்கி 1979 வரை 3,400-க்கும் அதிகமானவை கட்டப்பட்டன. இந்தச் சின்னப் படகில் மேத்யூ ரதர்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் 2011-12இல் வட, தென் அமெரிக்கக் கண்டங்களை எங்கும் கரை பிடிக்காமல் தனி ஆளாகச் சுற்றிவந்தார். 309 நாள் பயணம். ஆகவே படகு உடலின் உறுதியைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. கவலை அதன் வயதைப் பற்றியது, குறிப்பாகப் பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைத்தண்டான அந்தக் காலத்துப் பூமைப் பற்றியது.

அந்தக் காலத்துப் பல படகுகளைப்போல இதிலும் பூமையே உருளையாகச் சுழற்றிப் பாயை அதன்மேல் சுற்றவேண்டும். கைப்பிடியைச் சொருகிச் சுழற்றுவதும் ஹாலியார்டை அளவாக விடுவதும் ஒரே நேரத்தில் நடக்கவேண்டும். பாய்மரத்தடியில் நிற்கும் ஒருவருக்கு அதற்கு மூன்று கை தேவைப்படும். அப்படிச் சுற்றிய பாய் நன்றாகவும் நிற்பதில்லை. முன்விளிம்பில் தைத்த தடித்த கயிறு பூமின் முன்முனையில் அடுக்கடுக்காகக் குவிகிறது, பின்முனையில் வெறும் துணி மட்டும் சுற்றுகிறது. அதனால் பூமின் பின்முனை தாழ்ந்து, பாய் நடுவில் பை போலத் தொங்கும். காற்று பலமாகும்போதுதான் பாய் தட்டையாக இருக்கவேண்டும். போதாததற்கு, பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிற்றையும் சுற்றிய பாய்மேல் மாட்ட வழியில்லை. இந்த முறை ஏன் வழக்கொழிந்தது என்பது ஒரு முறை பயன்படுத்திப் பார்த்த எவருக்கும் விளங்கும்.

நாங்கள் படகை நிறுத்தியிருப்பது மலேசியாவின் பேராக் கரையில், லுமுட்டில். மலாக்கா நீரிணையில் ஆண்டின் பெரும்பகுதி காற்று மெலிவாகவே இருக்கிறது. ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா என்று இங்கே எல்லாரும் சொல்கிற சூறைவரிசை உண்டு. இரவில் மேற்கே உருவாகி, விடியலுக்கு முன்னும் காலையிலும் கிழக்கு நோக்கி நகர்ந்து வரும். அதன் முன்விளிம்பில் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். மின்னலில் கருமேக வளைவு தெரிந்ததற்கும் காற்று வந்து மோதுவதற்கும் இடையே நிதானமாக யோசித்து வேலை செய்ய நேரம் இருக்காது. அந்த நேரத்தில் எங்களில் ஒருவர் கீழே தூங்கிக்கொண்டிருப்பார். விழித்திருப்பவர் மற்றவரை எழுப்பாமல், சுக்கான் பக்கத்திலிருந்து நகராமல் பாயைக் குறைக்க முடியவேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தனி ஆள் ஓட்டும் படகைப் பற்றி யோசிக்கிறவர்கள் பிளாண்டி ஹாஸ்லரைத் தாண்டிப் போகமுடியாது. 1960-இல் நடந்த முதல் அட்லாண்டிக் தனியாள் பந்தயத்தில் ஹாஸ்லர் ‘ஜெஸ்டர்’ என்ற 25 அடிப் படகில் சீனப் பாணிப் பாயைப் பூட்டி, 48 நாளில் இரண்டாவதாக வந்தார். கேபின் கூரையின் நடுவில் இருந்த ஒரு வட்டத் திறப்பிலிருந்தே எல்லாக் கயிறுகளையும் இழுத்தார். தளத்தில் ஏறவேண்டியதே இல்லை. சீனப் பாயில் மூங்கில் சட்டங்கள் குறுக்கே ஓடுகின்றன. கயிற்றை விட்டால் சட்டத்தின் எடையில் ஒவ்வொரு மடிப்பாக இறங்கி அடங்கிவிடும். எங்கள் முக்கோணப் பாயில் அந்தச் சட்டங்கள் இல்லை. இருந்தாலும் அந்தக் கொள்கையை எடுத்துக்கொள்ளலாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு முடிவு எடுக்கவேண்டியிருந்தது. கயிறுகளைப் பாய்மரத்தடியிலேயே வைத்துக்கொள்வதா, சுக்கான் பிடிப்பவர் உட்காரும் காக்பிட்டுக்குக் கொண்டுவருவதா? இரண்டுக்கும் அனுபவசாலிகள் நல்ல காரணம் சொல்கிறார்கள். பாய்மரத்தடியில் வைத்தால் கயிறு குட்டையாக இருக்கும், திருப்பங்கள் குறைவு, கண்ணெதிரே எல்லாம் தெரியும். காக்பிட்டுக்குக் கொண்டுவந்தால் ஆள் எழுந்து போகவேண்டாம். நான் பார்த்தவரை, பாதி இங்கே பாதி அங்கே என்று வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு. ஹாலியார்ட் பாய்மரத்திலும் ரீஃப் கயிறு காக்பிட்டிலும் இருந்தால், ஒருவர் செய்யும் வேலைக்கு இருவர் வேண்டியிருக்கிறது; இருளில் ஒருவருக்கொருவர் கத்திக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது. ஹாலியார்ட், முன்மூலையை இறக்கும் கயிறு, பின்மூலையை இழுக்கும் கயிறு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் முடியவேண்டும். இரவுச் சூறையையும் நனைந்த தளத்தையும் மனத்தில் வைத்து நாங்கள் காக்பிட்டைத் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்த கேள்வி, ஒரே கயிறா இரண்டு கயிறா என்பது. ஒரே கயிறு முன்மூலை, பின்மூலை இரண்டையும் இழுக்கும் முறை கேட்பதற்கு அழகாக இருக்கிறது. கயிற்றை நழுவாமல் பிடிக்கும் கிளட்ச் ஒன்று, இழுப்பு ஒன்று. ஆனால் கயிறு வளைந்து திரும்பும் ஒவ்வொரு இடமும் நம் கைபலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. கப்பியில் அது கொஞ்சம். பாயில் பதித்த வெறும் எஃகு வளையத்தின் வழியே கயிறு முழு அரைவட்டம் திரும்பினால் கணக்கு வேறு: உராய்வெண் 0.15 என்று வைத்துக்கொண்டாலே, மறுபுறம் 10 கிலோ இழுவிசை கிடைக்க இந்தப் புறம் 16 கிலோ இழுக்கவேண்டும். அப்படி இரண்டு வளையங்கள் அடுத்தடுத்து வந்தால் 10 கிலோவுக்கு 25 கிலோவுக்கு மேல் ஆகிவிடும்.

தாளில் போட்ட கணக்கோடு நிற்காமல் படகைக் கட்டியிருந்த இடத்திலேயே சோதித்தோம். மீன்கடையில் தொங்கவிடும் வகைத் தராசு இரண்டு வாங்கினேன். ஒன்று காக்பிட்டில் நான் இழுக்கும் முனையில், மற்றொன்று கயிறு பூமில் முடியும் இடத்தில். தற்காலிகக் கப்பிகளைக் கட்டி, ஒற்றைக் கயிறு போகவேண்டிய முழு வழியிலும் 8 மில்லிமீட்டர் பாலியெஸ்டர் கயிற்றைக் கோத்தோம். என் பக்கத் தராசு 20 கிலோ காட்டியபோது, பூம் முனையில் தராசைப் பிடித்திருந்த மனைவி “ஐந்துதாங்க வருது” என்றாள். முன்மூலையை அந்த வழியிலிருந்து விடுவித்து, பின்மூலைக்கு மட்டும் தனிக் கயிறாக ஓட்டியபோது அதே 20 கிலோவுக்கு எட்டுக்கு மேல் கிடைத்தது. பின்விளிம்பின் எஃகு வளையத்துக்குப் பதிலாக, உருளை இல்லாத வழுவழுப்பான அலுமினிய வளையம் ஒன்றை நாடாவால் தைத்து மாட்டியதும் பத்தைத் தொட்டது. அந்த இடத்தில் பந்துருளைக் கப்பியை மாட்டினால் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பாய் படபடக்கும்போது அந்தக் கப்பி காக்பிட்டில் இருப்பவரின் தலை உயரத்தில் சுழன்று அடிக்கும். அதை நான் ஒப்பமாட்டேன்.

உராய்வு இறக்கும்போது மட்டும் தொல்லை தருவதில்லை. காற்று தணிந்து பாயை மறுபடி ஏற்றும்போது அந்த நீளக் கயிறு முழுவதையும் பாயே இழுத்துக்கொண்டு மேலே போகவேண்டும். ஒற்றைக் கயிறு முறையில் பாய் ஏறாமல் முரண்டு பிடிப்பது இதனால்தான். சோதனை எங்கள் முடிவை எளிதாக்கியது: ஒவ்வொரு ரீஃபுக்கும் இரண்டு கயிறு, ரீஃப் இரண்டே இரண்டு. மூன்று சின்ன ரீஃபுக்குப் பதிலாக இரண்டு ஆழமான ரீஃப். முதலாவது முன்விளிம்பு நீளத்தில் சுமார் 15 சதவீதம் வரையிலும், இரண்டாவது 35 சதவீதம் வரையிலும் ஏறுகிறது. நாலு ரீஃப் கயிறு, ஒரு ஹாலியார்ட், ஐந்து கிளட்ச். கூரையின் வலப்பக்கத்தில் ஒரே வரிசையில் அவை அடங்கிவிட்டன.

பாயில் ரீஃப் பட்டைகளைத் தைத்துத் தந்தவர் வயதான மலாய்க்காரர். ‘மாமா’ என்ற பொருளில் பாக்சிக் என்றே அழைப்போம். பின்விளிம்பின் வளையத்தை முன்விளிம்பின் வளையத்தைவிட ஒரு கையளவு உயரத்தில் வைக்கவேண்டும் என்று அவர் விடாப்பிடியாகச் சொன்னார். அப்படி வைத்தால் ரீஃப் போட்டதும் பூமின் பின்முனை சற்று மேலே நிற்கும். படகு சாய்ந்து உருளும்போது பூம் தண்ணீரைத் தொடாது, நம் தலைக்கும் இடைவெளி இருக்கும். அவர் தைத்த மூலைத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிடச் சற்றுப் பெரியது. பாயின் முழு இழுப்பும் ஒரே கோட்டில் விழாமல் பரவுவதற்காக அப்படி. பாய் நடுவே வரிசையாகத் தொங்கும் ரீஃப் கட்டுக்கயிறுகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இருவர் படகில் அவற்றைக் கட்ட யாரும் போகப்போவதில்லை. கட்டியதை அவிழ்க்க மறந்து பாயை ஏற்றினால் துணி அந்த இடத்தில் கிழியும். மடிந்த துணியைத் தாங்குவதற்குப் பூமின் இரு பக்கமும் மெல்லிய தாங்குகயிறுகள் போதும்.

பூம் வேலைக்கு வருகிறேன். முதலில் அது சுழலாதபடி சுழல்தண்டை ஊடுருவி ஒரு போல்ட் போட்டு இறுக்கினேன். பிறகு பின்மூலைக் கப்பிகளின் இடம். இதில் அவசரப்படக் கூடாது. படகு கட்டியிருக்கும்போதே, காற்றில்லாத காலையில் பாயை ஏற்றி, ரீஃப் அளவுக்கு இறக்கி, முன்மூலையைக் கட்டிவிட்டுப் பின்மூலையைக் கையால் பிடித்து இழுத்துப் பார்த்தோம். கயிறு பாயைக் கீழேயும் பின்னேயும் சமமாக இழுக்கவேண்டும். கப்பி வளையத்துக்கு நேர் கீழே இருந்தால் பாயின் அடிப்பகுதி விறைக்காது. மிகவும் பின்னே இருந்தால் அடிப்பகுதி விறைக்கும், பின்விளிம்பு தளர்ந்து படபடக்கும். சரியான இடம் கிடைத்ததும் பென்சிலால் குறியிட்டேன்.

அலுமினியத்தில் எஃகுத் திருகு போடும்போது இரண்டுக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். பழைய பூமில் ஒரு திருகைச் சுற்றி அந்தப் பொடி கொப்புளமாகவே எழும்பியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் வண்ணப்பூச்சு அடையாக வந்தது, அடியில் உலோகம் குழிந்திருந்தது. அந்த இடத்தைத் தவிர்த்துப் புதிய இடத்தில் 5 மில்லிமீட்டர் துளையிட்டு, எம்6 மரை வெட்டி, ஒவ்வொரு திருகுக்கும் அரிப்புத் தடுப்புப் பசை தடவி இறுக்கினேன். மரை வெட்டும்போது அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று போகவேண்டும். சுருள் சீவல் ஒடிந்து விழும் நொறுங்கல் கையில் தெரியும். தெரியாவிட்டால் நிறுத்திச் சுத்தம் செய்யவேண்டும். பூமின் சுவர் மெல்லியது. மரை கெட்டால் அந்தத் துளை போனதுதான்.

பாய்மரத்தடியில் விசைக் கணக்கு வேறு மாதிரி. மேலிருந்து இறங்கும் ஹாலியார்ட் அங்கே செங்கோணமாகத் திரும்பிப் பின்னே வருகிறது. கயிற்றில் 200 கிலோ இழுவிசை இருந்தால் அந்தக் கப்பியின்மேல் ஏறக்குறைய 280 கிலோ விழும், அதில் ஒரு பகுதி தளத்தை மேல்நோக்கிப் பிடுங்கும். வேகாவில் பாய்மரம் தளத்தின்மேல் நிற்கிறது; அடியில் உள்ள குறுக்குவிட்டம் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும்படி வேகாக்காரர்கள் எல்லாருமே சொல்வார்கள். நாங்கள் உட்புறப் பலகையைக் கழற்றி விட்டத்தை நேர்கோட்டுச் சட்டம் வைத்துப் பார்த்த பிறகே மேலே தொடங்கினோம். திருப்புக் கப்பிகளைத் தளத்தில் பதிக்காமல் பாய்மரத்தின் அடித்தகட்டிலேயே மாட்டினோம். அப்போது மேல்நோக்கிய இழுப்பு பாய்மரத்தின் கீழ்நோக்கிய அழுத்தத்தோடு அங்கேயே தீர்ந்துவிடுகிறது, தளத்துக்கு வேலை இல்லை. கிளட்சுகளுக்காகக் கூரையில் துளையிட்ட இடங்களில் முதலில் பெரிய துளை போட்டு, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் சரியான அளவுத் துளையிட்டோம். கீழே அலுமினியத் தகடு. இந்த ஒரு வேலையைச் சுருக்கியவர்களின் கூரைதான் சில ஆண்டுகளில் ஈரம் குடித்து மெத்தென்று ஆகிறது.

இவ்வளவும் செய்து முடித்தாலும் பாய் இறங்காவிட்டால் பயனில்லை. பாயின் முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாய்மரத்தின் பின்புறப் பள்ளத்தில் ஓடும் ஸ்லைடுகள்தான் பெரும்பாலும் சிக்குபவை. ஒரு ஸ்லைடில் துணியைச் சுற்றி, மேலே இழுக்க ஹாலியார்டையும் கீழே இழுக்க இன்னொரு கயிற்றையும் கட்டி, பள்ளம் முழுக்க மேலும் கீழும் ஓட்டினோம். கருப்பு மசகும் உப்பும் பச்சைப் பாசியுமாக வந்தது. துணி சுத்தமாக வரும்வரை மாற்றி மாற்றி ஓட்டி, பிறகு உலர் டெஃப்லான் தெளிப்பு அடித்தோம். எண்ணெயோ கிரீஸோ போடக் கூடாது, தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இன்னொரு சிக்கல், இறங்கிய ஸ்லைடுகள் பள்ளத்தின் வாயில் அடுக்காக நின்றுகொண்டு ரீஃப் வளையத்தைப் பூம்வரை வரவிடாது. இதற்காகக் கீழ் ஸ்லைடுகள் சிலவற்றைப் பாயோடு நேரடியாகக் கட்டாமல், வளையங்களின் வழியே ஒரு மெல்லிய கயிற்றைக் கோத்து இணைத்தோம். ஹாலியார்ட் தளர்ந்ததும் அந்தக் கயிறும் தளர்கிறது, பாய் ஸ்லைடுகளை விட்டு விலகி வளையம் வேண்டிய இடத்துக்கு வந்துவிடுகிறது. ஏற்றினால் தானாக இறுகிக்கொள்கிறது. செலவு ஒரு துண்டுக் கயிறு. முழு வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

ஹாலியார்டில் குறியிடுவது மனைவியின் யோசனை. பேனாக் குறி மழையிலும் இருளிலும் உதவாது. அவள் மெழுகு நூலால் கயிற்றைச் சுற்றித் தைத்துப் பட்டை போட்டாள்: முதல் ரீஃபுக்கு ஒரு பட்டை, இரண்டாவதுக்கு அடுத்தடுத்து இரண்டு. கயிற்றை விடும்போது உள்ளங்கையில் மேடு தட்டுகிறது. அங்கே கிளட்சை மூடினால் வளையம் பூமுக்குச் சரியாக வந்து நிற்கும். விளக்கு வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். பட்டை தடித்துவிட்டால் கிளட்சில் மாட்டிக்கொள்ளும் என்பதால் ஒரே அடுக்காகத்தான் சுற்றவேண்டும். ரீஃப் கயிறுகளுக்கும் நிறம் பிரித்தோம்: முதல் ரீஃப் இரண்டும் பச்சை, இரண்டாவது இரண்டும் சிவப்பு.

கடல் சோதனை பங்கோர் தீவுக்கும் தெற்கே செம்பிலான் தீவுகளுக்கும் நடுவே. மதியத்துக்குப் பின் தென்மேற்குக் காற்று நன்றாக எழும்பியிருந்தது. முன்பாயைக் காற்றுப்பக்கமாகவே விட்டுப் படகைத் திருப்பி, சுக்கானைக் கட்டிவிட்டால் வேகா ஏறக்குறைய நின்றுவிடும். படகின் அடியில் நீண்டு ஓடும் கீல் அதற்குத் துணை. வலப்பக்கம் காற்று வாங்கும்படி நிறுத்துவது எங்கள் வழக்கம். அப்படி நின்றால் இடப்பக்கம் காற்று வாங்கி எதிரே வரும் பாய்மரப் படகுகள்மீது நமக்கு வழியுரிமை இருக்கும். வலைபோட்ட மீன்படகுக்கு நாமே விலகவேண்டும் என்பது வேறு விஷயம். பூமை உள்ளிழுத்துப் பிடிக்கும் கயிறான ஷீட்டையும் கீழே இழுக்கும் கயிற்றையும் தளர்த்தி, ஹாலியார்டை உள்ளங்கையில் பட்டை தட்டும்வரை விட்டேன். பாய் சரசரவென்று தானாக இறங்கியது. முன்மூலைக் கயிறு, பிறகு ஹாலியார்டை மறுபடி இறுக்கம், அதன்பின் பின்மூலைக் கயிறு, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சில், கடைசியாக ஷீட். இந்த வரிசை மாறக் கூடாது. முன்மூலை அமர்வதற்கு முன் பின்மூலையை வின்ச் போட்டு இழுத்தால் முழு இழுப்பும் ஒரே ஒரு ஸ்லைடில் விழுந்து பாய் அங்கே கிழியும். பூமைத் தூக்கிப் பிடிக்கும் டாப்பிங் லிஃப்டை நிரந்தர அளவில் கட்டிவைத்திருக்கிறோம். பாய் தளரும் நேரத்தில் பூம் நம் தலைமேல் விழாமல் இருக்க அதுதான் காவல். பிறகு என் இடத்தில் மனைவி உட்கார்ந்து, நான் கீழே படுத்திருக்க, இரண்டாவது ரீஃபைத் தனியாகப் போட்டாள். வின்ச் கைப்பிடி கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டுமே அவளுக்குத் தேவைப்பட்டது.

முன்பாய் ஏற்கெனவே உருளையில் சுற்றும் வகை. அதில் மாற்றியது ஒன்றுதான்: சுற்றும் கயிறு உருளைக்குள் நுழையும் கடைசிக் கப்பியை நகர்த்தி, கயிறு முன்கம்பிக்குச் செங்கோணமாகப் போகும்படி செய்தோம். அதற்குப் பின் கயிறு ஒரே பக்கம் குவிந்து சிக்குவது நின்றுவிட்டது.

கயிறுகள் காக்பிட்டுக்கு வந்துவிட்டதால் பாதுகாப்பு வார் வேண்டாம் என்று நினைப்பது ஆபத்து. ஏதேனும் ஒரு நாள் ஏதோ ஒன்று பாய்மரத்தடியில் சிக்கும், அன்றைக்கு அலையும் இருக்கும். தளத்தின் இருபுறமும் முன்னிருந்து பின்வரை நாடா கட்டி, காக்பிட்டை விட்டு எழும் முன்பே கொக்கியை மாட்டுகிறோம். இங்குள்ள வெயிலில் பாலியெஸ்டர் நாடா வெளியே நன்றாகத் தெரியும்போதே உள்ளே பலமிழக்கிறது. அதனால் துறைமுகத்தில் இருக்கும்போது கழற்றிக் கேபினுக்குள் வைத்துவிடுவோம்.

இனிக் கவனிக்கவேண்டியது கயிற்றுத் தேய்மானம். ரீஃப் போட்டு நீண்ட நேரம் ஓடினால் பின்மூலை வளையத்தில் கயிற்றின் ஒரே இடம் உராய்ந்துகொண்டே இருக்கும். எனவே இரவு முழுக்க ரீஃபோடு போகவேண்டியிருந்தால், வளையத்தையும் பூமையும் சேர்த்து ஒரு தனிக் கட்டும் போட்டுவிடுகிறோம். ரீஃப் கயிறுகளை வெட்டும்போதே ஒவ்வொன்றிலும் ஒரு கை நீளம் அதிகம் விட்டிருக்கிறோம். தேய்ந்த இடம் வந்தால் முனையை வெட்டி, கயிற்றைச் சற்று நகர்த்தித் திரும்பவும் கட்டிக்கொள்ளலாம்.